படபடக்கும் காண்டாக்டரும் இரண்டு கம்பி டீபக் புரோபும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சித் தோப்புகள், அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறைத் தோப்புகள். மோட்டார் கன்ட்ரோலர் பழுதுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அடிக்கடி கூடவே வரும் புகார் ஒன்று உண்டு: "கரண்ட் வந்ததும் காண்டாக்டர் படபடன்னு அடிக்குதுங்க." காண்டாக்டர் என்பது மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய காந்த சுவிட்ச். அது இழுக்கும், இரண்டு விநாடியில் விடும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் மோட்டார் பல மடங்கு ஸ்டார்ட்டிங் கரண்ட் எடுக்கிறது. கொஞ்ச நேரம் இப்படி விட்டால் காண்டாக்டர் முனை கருகிவிடும், வைண்டிங்கும் சூடேறும்.

வழக்கமான வைத்தியம் தெரிந்ததுதான். முதலில் ஃபில்டர் கெப்பாசிட்டர் மாறும், பிறகு ரிலே, பிறகு டிரான்ஸ்பார்மர். மூன்றும் மாறிய பிறகும் படபடப்பு நிற்காத ஒரு போர்டில் டீபக் புரோப் (சிப்பை லேப்டாப்போடு இணைத்து உள்ளே நடப்பதைப் பார்க்கும் கருவி) வைத்துக் காரணத்தைப் பிடித்த வேலை இது. போர்டின் சோர்ஸ் கோடு கையில் இருந்தது. அது இல்லாத போர்டில் எதுவரை போகலாம் என்பது இடையில் வரும்.

போர்டு இப்படி: 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், எல்எம்2596 ரெகுலேட்டர் வழியாக எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு 4 வோல்ட், ஏஎம்எஸ்1117 வழியாக 3.3 வோல்ட், மூளையாக எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 என்ற சிப் (சுருக்கமாக எஃப்103, எஃப்1 வரிசை). யுஎல்என்2003 டிரைவர் ஐசி ஒரு 12 வோல்ட் ரிலேயை ஓட்ட, அந்த ரிலே காண்டாக்டர் காயிலை ஓட்டுகிறது. ஒரே ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) போட்ட இன்னொரு போர்டு பக்கத்துத் தோப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. குழப்பம் அங்கேதான். ஃபர்ம்வேர் தவறென்றால் இரண்டும் அடிக்க வேண்டும், ஹார்டுவேர் தவறென்றால் இதற்குள் தீர்ந்திருக்க வேண்டும்.

கையை வைக்கும் முன்

புரோபின் ஒரு முனை போர்டில், மறுமுனை லேப்டாப்பில். போர்டின் கிரவுண்டும் லேப்டாப்பின் உடம்பும் அப்போது ஒன்றாகிவிடும். டிரான்ஸ்பார்மர் உள்ள போர்டில் இது பரவாயில்லை. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒரு பெரிய பாலியெஸ்டர் கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டை நேராக இறக்கும் மலிவு போர்டுகளில் கிரவுண்டு என்பதே 230 வோல்ட் ஃபேஸ் லைனாக இருக்கலாம். "சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் போதும்" என்று பலர் சொல்வது பாதி உண்மை. லேப்டாப் எரியாமல் தப்பலாம், அதன் மெட்டல் ஓரத்தைத் தொட்டபடி ஈரத் தரையில் நிற்பவர் தப்பமாட்டார். அப்படிப்பட்ட போர்டை லைனிலிருந்து கழற்றி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, பெஞ்ச் சப்ளையில் ஓட்டுவதே முறை. லைனில் வைத்துப் பார்த்தே தீர வேண்டுமென்றால் ஏடியுஎம்3160 அல்லது ஏடியுஎம்4160 சிப் போட்ட யுஎஸ்பி ஐசொலேட்டர் வேண்டும். எஸ்டி-லிங்க் வி2 புரோப் யுஎஸ்பி ஃபுல் ஸ்பீடில் ஓடுவதால் இந்த ஐசொலேட்டர்கள் அதற்குப் போதும். அப்போதும் போர்டில் கை படக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. டீபக்கரில் சிப்பை நிறுத்தினால் ரிலே நிற்காது. பின் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் உறைந்துவிடும். காண்டாக்டர் இழுத்த நிலையில் பிரேக்பாயின்ட் (சிப்பைக் கோடின் ஓரிடத்தில் நிறுத்தும் குறி) விழுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். டிரை ரன் (தண்ணீரில்லாமல் ஓடுவது) பாதுகாப்பு, ஓவர்லோடு கணக்கு எல்லாம் அந்த உறைந்த சிப்புக்குள்தான் இருக்கிறது. அதனால் காண்டாக்டர் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ரிலேயின் 12 வோல்ட் காயில் முனைகளில் ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு. பல்பு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியது.

கம்பி

இந்த சிப்பில் டீபக் செய்ய இரண்டு கம்பி முறையான எஸ்டபிள்யூடி போதும், கூடுதல் கம்பி கேட்கும் ஜேடேக் வேண்டாம். எஸ்டபிள்யூடிஐஓ என்பது பிஏ13, சிப்பின் 34வது கால். எஸ்டபிள்யூகிளாக் என்பது பிஏ14, 37வது கால். கூட ஒரு கிரவுண்டு, முடிந்தால் 7வது காலில் உள்ள ரீசெட். போர்டில் இவற்றுக்கு நான்கு டெஸ்ட் பேட் விட்டிருந்தார்கள், கனெக்டர் இல்லை. பி75 அளவு போகோ பின் (ஸ்பிரிங் வைத்த ஊசி முனை) நான்கு வாங்கி, 2.54 மி.மீ. இடைவெளியில் வெரோ போர்டுத் துண்டில் பற்றவைத்து, அதைத் துணி காயப்போடும் கிளிப்பின் ஒரு தாடையில் ஒட்டினால் நல்ல பிடிமானம் கிடைக்கும். பி75 பின்னின் விட்டம் 1.02 மி.மீ.; 1.27 மி.மீ. இடைவெளி என்றால் பி50 தான் நுழையும்.

முதல் தடவை புரோப் சிப்போடு ஒட்டவில்லை, அதாவது தொடர்பு கிடைக்கவில்லை. காரணம் எலக்ட்ரானிக்ஸ் அல்ல, வார்னிஷ். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் இறங்கும் ஈரக்காற்றுக்குப் பயந்து போர்டுகளின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் அடிக்கிறார்கள், டெஸ்ட் பேடையும் சேர்த்து. போகோ முனை அதன் மேல் அழகாக உட்காரும், தொடர்பு மட்டும் இருக்காது. பிளேடால் மெல்லச் சுரண்டி ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். (பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடந்த போர்டு என்றால் கோட்டிங் இருக்கிறதே என்று நம்பவேண்டாம். சிப்பின் கால்களுக்கு நடுவே இருக்கும் பச்சைக் களிம்பை முதலில் கழுவுங்கள்.)

புரோபை மாட்டுமுன் மல்டிமீட்டரால் செய்யும் ஒரு சோதனை அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, கிரவுண்டுக்கும் பிஏ13க்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய 3.3 வோல்ட் இருக்க வேண்டும். பிஏ14இல் ஏறக்குறைய பூஜ்யம். சிப்புக்குள்ளேயே ஒன்றுக்கு மேல்நோக்கியும் மற்றதற்குக் கீழ்நோக்கியும் 40 கிலோஓம் அளவுள்ள ரெசிஸ்டர் இருப்பதுதான் காரணம். இரண்டும் இப்படிக் காட்டினால் எஸ்டபிள்யூடி திறந்திருக்கிறது, இனி வரும் தொல்லை கம்பியிலோ லேப்டாப்பிலோதான். இரண்டும் மிதந்தால் ஒன்று தொடர்பு இல்லை, அல்லது ஃபர்ம்வேர் அந்தக் கால்களைப் பறித்துக்கொண்டது. எஃப்1 வரிசையில் இது சகஜம். கோடு உருவாக்கித் தரும் மென்பொருளில் டீபக் என்ற இடத்தை 'இல்லை' என்று விட்டுவிட்டால், முதல் தடவை ஏற்றும்போது ஒட்டும், அது ஓடத் தொடங்கிய நொடியிலிருந்து ஒட்டாது. சிப் செத்ததாக எண்ணித் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. 44வது காலான பூட்0வை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து ரீசெட் கொடுத்தால் சிப் தன் சொந்த பூட்லோடருக்குள் போய் உட்காரும், நம் ஃபர்ம்வேர் ஓடாது, புரோப் ஒட்டும்.

கம்பி நீளம் 15 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஜம்பர் ஒயர் பாக்கெட்டில் வரும் 30 செ.மீ. ஒயரை இரண்டாக இணைத்து மாட்டினால் கிளாக்கின் விளிம்பு சிதறும், சில சமயம் ஒட்டும், சில சமயம் ஒட்டாது. அந்த 'சில சமயம்' தான் ஆளைக் கொல்லும். கிளாக் கம்பியோடு கிரவுண்டு கம்பியை முறுக்கிவிட்டால் பாதித் தொல்லை போகும். பக்கத்தில் ரிலே அடிக்கும் இடமென்றால் கிளாக்கில் 47 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் தொடராகப் போடலாம். இவ்வளவுக்குப் பிறகும் தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள். எஸ்டி-லிங்க் வி2க்கு 240 கிலோஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். ரெஜிஸ்டர் படிக்க 4 மெகாஹெர்ட்ஸ் எதற்கு?

எந்த புரோப்

பென் டிரைவ் வடிவில் வரும் மலிவு எஸ்டி-லிங்க் நகல் இந்த வேலைக்குப் போதும், இரண்டு எச்சரிக்கையோடு. அதன் பத்து கால்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்; இணையத்தில் பார்த்த படத்தை நம்பாமல் கையில் இருக்கும் கூட்டின் மேல் அச்சடித்ததைப் படியுங்கள். அடுத்தது, ரீசெட் என்று எழுதிய கால் பல நகல்களில் எஸ்டிஎம்32க்கு வேலை செய்யாது. ரீசெட்டில் பிடித்துக்கொண்டு ஒட்டும் முறையைக் கேட்டால் கையால் செய்ய வேண்டும்: 7வது காலை கிரவுண்டில் பிடித்து, கட்டளை கொடுத்து, அது ஓடும்போதே விட வேண்டும். நாலு தடவையில் கை பழகிவிடும். அதன் 3.3 வோல்ட் காலைப் போர்டில் மாட்டாதீர்கள், போர்டு தன் சொந்த சப்ளையில் ஓடட்டும். இரண்டு ரெகுலேட்டர்கள் ஒரே லைனில் முட்டிக்கொண்டால் அளவுகள் எல்லாம் பொய்யாகும்.

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன போர்டு ஒன்று சும்மா கிடந்தால் அது இதைவிட வசதி. பூட்செல் பட்டனை அழுத்தியபடி யுஎஸ்பியில் செருகி டீபக்புரோப் யுஎஃப்2 கோப்பை இழுத்துப் போட்டால் அது சிஎம்எஸ்ஐஎஸ்-டாப் வகை புரோபாகிவிடும். ஜிபி2 கிளாக், ஜிபி3 டேட்டா. கூடவே ஜிபி4, ஜிபி5இல் ஒரு சீரியல் போர்ட் இலவசம். ஜிபி5ஐ மட்டும் ஜிஎஸ்எம் மாட்யூலின் டிஎக்ஸ் லைனில் தொட்டுவிட்டால் மாட்யூல் பேசுவதை அதே கேபிளில் கேட்கலாம். இந்த வேலையில் அதுதான் பயன்பட்டது.

லேப்டாப்பில் ஓப்பன்ஓசிடி, புரோப் வழியாகச் சிப்போடு பேசும் மென்பொருள். எஸ்டி-லிங்க் என்றால் லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கொடுத்தால் 0483:3748 என்ற எண் தெரிய வேண்டும். தெரிந்தும் திறக்கவில்லையென்றால் யுடெவ் அனுமதி விதி விடுபட்டிருக்கும். ஒட்டியதும் சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். எஃப்103க்கு ஹெக்ஸில் 1பிஏ01477. அதற்குப் பதில் 2பிஏ01477 வந்து ஓப்பன்ஓசிடி முறைத்தால் போர்டில் இருப்பது எஸ்டிஎம் பெயர் அச்சடித்த வேறு தயாரிப்பு. எதிர்பார்க்கும் எண்ணை டார்கெட் அமைப்பில் மாற்றினால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் அந்தச் சிப்பின் உள் ஆசிலேட்டர் எஸ்டிஎம் டேட்டாஷீட்டில் உள்ளபடி நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சோர்ஸ் இல்லாத, கடையில் வாங்கிய போர்டில் ஃபிளாஷ் பூட்டப்பட்டிருக்கும். ஒட்டும், ஆனால் 08000000 முகவரியிலிருந்து படிக்க விடாது. அன்லாக் என்ற கட்டளை இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். பூட்டு திறக்கும், கூடவே உள்ளே இருந்த ஃபர்ம்வேர் முழுக்க அழியும். தோப்புக்காரருக்கு அப்புறம் பதில் சொல்ல முடியாது.

ஏன் ரீசெட் ஆனாய் என்று சிப்பையே கேட்பது

டீபக் புரோபைப் பலரும் ஃபர்ம்வேர் ஏற்றும் கருவியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பச் சிப்களில் அதன் பெரிய பலம் வேறு. சிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமல், எந்த முகவரியையும் படிக்கலாம்.

ஓப்பன்ஓசிடியை ரீசெட் கட்டளை எதுவும் இல்லாமல் தொடங்கி, 4444 போர்ட்டில் டெல்நெட் வழியாக உள்ளே போய், எம்டிடபிள்யூ கட்டளையால் 40021024 முகவரியைப் படிக்க வேண்டும். ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டர் அது. கடைசியாக எதனால் ரீசெட் ஆனது என்பது அதன் முதல் இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. 0சி என்றால் கரண்ட் போய் வந்தது. 14 என்றால் ஃபர்ம்வேர் தானே ரீசெட் கேட்டது. 24 என்றால் வாட்ச்டாக் கடித்தது. வாட்ச்டாக் என்பது ஒரு டைமர்; ஃபர்ம்வேர் குறித்த நேரத்துக்குள் அதைப் புதுப்பிக்காவிட்டால் (இதைத்தான் உணவு போடுவது என்பார்கள்) சிப்பை ரீசெட் செய்துவிடும். இந்தக் கொடிகளை (காரணம் காட்டும் பிட்களை) யாரும் அழிக்காதவரை ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்துகொண்டே போகும் என்பதை மறக்கக்கூடாது. இந்தப் போர்டில் முதலில் வந்தது 2சி, அதாவது கரண்டும் வாட்ச்டாகும் சேர்ந்து. அதே முகவரியில் 01000000 எழுதினால் கொடிகள் அழியும். அழித்துவிட்டு, பல்பு அடுத்த தடவை அணைந்து எரியும்வரை காத்திருந்து படித்தால் 24000003.

ஆக, கரண்ட் பிரச்சினை இல்லை. மாற்றிய மூன்று பாகமும் குற்றமற்றவை. ஃபர்ம்வேர் எங்கோ நின்றுவிடுகிறது, வாட்ச்டாக் ரீசெட் அடிக்கிறது, ரீசெட்டில் கால்கள் எல்லாம் மிதக்கின்றன, ரிலே விடுகிறது, மறுபடி துவங்கும் ஃபர்ம்வேர் 'கரண்ட் இருக்கிறது, மோட்டாரைப் போடு' என்கிறது. படபடப்பு.

எங்கே நிற்கிறது? ரேமின் உச்சியில் ஒரு தடயம் விடும் முறைதான் இதற்கு எளிது. இந்தச் சிப்பில் ரேம் 20 கிலோபைட், 20000000 முதல். லிங்கர் ஸ்கிரிப்டில் ஸ்டாக்கின் உச்சியை 16 பைட் கீழே இறக்கி 20004எஃப்எஃப்0 என்று வைத்தால், அதற்கு மேலுள்ள இடத்தைத் தொடக்கக் கோடு பூஜ்யமாக்காது, வாட்ச்டாக் ரீசெட்டும் அழிக்காது. மெயின் லூப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்ணை அங்கே எழுதுவது. துவங்கியதும் அந்த எண்ணைப் பக்கத்து நான்கு பைட்டுக்கு நகர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சுற்று அதை மேலெழுதிவிடும். எட்டு வரிக் கோடு. புரோபால் படித்தால் ஒவ்வொரு தடவையும் 7. ஏழு என்பது 'மோட்டார் ஓடுகிறது' என்று எஸ்எம்எஸ் அனுப்பும் இடம்.

உறுதிசெய்ய அந்த ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட். ஓப்பன்ஓசிடியின் எஃப்1 அமைப்பு ஒட்டும்போதே ஈ0042004 முகவரியில் 307 எழுதிவிடுகிறது. சிப்பை நிறுத்தும்போது வாட்ச்டாகும் நிற்கும்படி அதில் ஒரு பிட் இருக்கிறது, அதனால் நிதானமாகப் பார்க்கலாம். "புரோப் மாட்டினால் ரீசெட் ஆவதே இல்லை" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போதுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஓடவிட்டால் வாட்ச்டாகும் ஓடும். ஜிடிபி டீபக்கரில் பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) எடுத்தால், மாட்யூலிடமிருந்து 'ஓகே' வரும்வரை சுற்றும் ஒரு வைல் லூப். அதிகபட்சக் காத்திருப்பு 1.8 விநாடி. வாட்ச்டாக் அமைப்பு ப்ரீஸ்கேலர் 64, ரீலோடு 1250. கோடில் பக்கத்திலேயே '2 விநாடி' என்று குறிப்பு.

இரண்டைவிட 1.8 குறைவுதானே?

அந்த 2 விநாடி, வாட்ச்டாகை ஓட்டும் எல்எஸ்ஐ என்ற சிப்பின் உள் ஆசிலேட்டர் 40 கிலோஹெர்ட்ஸ் என்று நம்பிப் போட்ட கணக்கு. 64ஐ 1250ஆல் பெருக்கினால் 80,000 துடிப்பு. 40,000ஆல் வகுத்தால் 2. ஆனால் எஃப்103 டேட்டாஷீட் எல்எஸ்ஐக்குத் தரும் எல்லை 30 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒரு சிப்பில் அதே அமைப்பு 2.67 விநாடியில் கடிக்கும், இன்னொன்றில் 1.33 விநாடியிலேயே கடிக்கும். பக்கத்துத் தோப்புப் போர்டு ஏன் ஒழுங்காக ஓடியது என்பதற்கு இதுதான் பதில். டவர் நன்றாகக் கிடைத்து 'ஓகே' சீக்கிரம் வரும் நேரத்தில் இந்தப் போர்டும் ஒழுங்காக ஓடும் என்பதால்தான், பழுதுபார்க்கும் மேஜையில் நன்றாக இருந்தது தோப்புக்குப் போனதும் அடித்தது.

தன் சிப்பின் எல்எஸ்ஐ எவ்வளவு என்று அறிய விரும்பினால், வாட்ச்டாகைத் தொடங்கிவிட்டு அதற்கு உணவு போடாமல், ஒவ்வொரு மில்லிவிநாடிக்கும் ரேம் உச்சியில் ஒரு எண்ணைக் கூட்டும் சின்ன புரோகிராமை ஏற்றுங்கள். கிரிஸ்டலில் ஓடும் சிஸ்டிக் டைமர் இதற்குச் சரியான கடிகாரம். ரீசெட்டுக்குப் பின் அந்த எண் 1600 என்று நின்றிருந்தால், 80,000ஐ 1.6ஆல் வகுக்க, எல்எஸ்ஐ 50 கிலோஹெர்ட்ஸ்.

மாற்றியது

ரீலோடை 2500 ஆக்கினால் மோசமான சிப்பிலும் 2.67 விநாடி கிடைக்கும். இதோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை வரும், வேண்டாம். காத்திருக்கும் வைல் லூப்பை எடுத்துவிட்டு, எஸ்எம்எஸ் வேலையை நிலை நிலையாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் 'பதில் வந்ததா' என்று மட்டும் பார்த்துவிட்டு நகரும்படி எழுதுவதுதான் தீர்வு. டிரை ரன் கணக்கும் அதே லூப்பில் ஓடுகிறது, அது 1.8 விநாடி கண்ணை மூடிக்கொண்டிருப்பது நல்லதல்ல. ரீசெட்டுக்குப் பின் மோட்டாரைப் போடுமுன் 60 விநாடி தாமதமும் சேர்த்தாயிற்று. நாளை வேறு எதனால் ரீசெட் ஆனாலும் காண்டாக்டர் படபடக்காது, குழாயில் இறங்கும் தண்ணீர் பம்பைப் பின்னோக்கிச் சுற்றும் நேரத்தில் மோட்டாரும் ஆன் ஆகாது. துவங்கியதும் ஆர்சிசி சிஎஸ்ஆரின் மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு கொடியை அழித்துவிடும் இரண்டு வரியும் போட்டால், முதல் நிலவர எஸ்எம்எஸ்ஸிலேயே ரீசெட் காரணம் வந்துவிடும். அடுத்த தடவை கிளிப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

கடைசிச் சோதனைக்கு முன் புரோபைக் கழற்றியதோடு போர்டின் கரண்டையும் ஒரு தடவை நிறுத்திப் போட வேண்டும். ஈ0042004இல் எழுதிய 307 சாதாரண ரீசெட்டில் போகாது, கரண்ட் போனால்தான் போகும். அது உள்ளே இருக்கும்வரை சிப் தூங்கினாலும் முழுதாகத் தூங்காது. பேட்டரியில் ஓடும் போர்டென்றால் கரண்ட் அளவே தப்பாகக் காட்டும்.

பிறகு ஜிஎஸ்எம் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அதாவது 'ஓகே' வரவே வராத நிலையில், பல்பை வைத்து ஒரு மணி நேரம். அணையவில்லை. பிறகு புரோபை மறுபடி மாட்டிப் பார்த்தால், துவங்கும்போது எடுத்து வைத்த ரீசெட் காரணத்திலும் 24 இல்லை. காயில் ஒயரைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் பேட் மேல் மறுபடி வார்னிஷ் தொடும்போது நான்கு பேடையும் சின்னத் துண்டு கேப்டான் டேப்பால் மூடிவிட்டால் அடுத்து வருபவருக்குப் பிளேடு தேவைப்படாது.